நோட்டு முழுக்க ஸ்டார், வாசிக்க வராது: தன்னம்பிக்கை முதலிலா, எழுத்து முதலிலா?

கேள்வி (ஒரு வாசகர், 4 ஜனவரி 2025)

ஐந்திலும் எட்டிலும் ஃபெயில் போடலாம் என்று மத்திய அரசு டிசம்பரில் விதியை மாற்றியது. தமிழ்நாட்டில் எட்டு வரை ஆல் பாஸ் தொடரும் என்கிறார்கள். என் அண்ணன் மகள் நாலாம் வகுப்பு. பாடப் புத்தகத்தில் நாலு வரி சேர்ந்தாற்போல் வாசிக்க முடியவில்லை. நோட்டைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஸ்டார், வெரி குட். அடிக்காதே, திட்டாதே, ஃபெயில் போடாதே, பிள்ளை மனம் உடைந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே எழுத்தைக் கோட்டை விட்டுவிட்டோம். இது என் கருத்து. ஆசிரியர்கள் யாராவது இருந்தால் மறுக்கட்டும்.

5 ஜனவரி

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை நான். விழுப்புரம் பக்கம். அதற்கு மேல் விவரம் வேண்டாம், எங்கள் பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) இங்கே உலாவுகிறாரோ என்னவோ.

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஸ்டாருக்கு மதிப்பே போய்விட்டது. காலிப் பக்கத்தை நீட்டி, "ஸ்டார் போட்டுக் குடுங்க டீச்சர், அப்புறம் எழுதுறேன்" என்று அட்வான்ஸ் கேட்ட பையன் என் வகுப்பில் இருந்தான். ஆனால் அந்த ஸ்டாரால்தான் வாசிக்க வரவில்லை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் படித்த காலத்தில் ஸ்டார் கிடையாது, பிரம்புதான் இருந்தது. அப்போதும் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு வாசிக்க வராது. அவர்கள் ஆறாம் வகுப்புக்கு வரவில்லை, அதனால் யாரும் கணக்கெடுக்கவில்லை.

மத்திய விதி பற்றி ஒரு சின்னத் திருத்தம்: அது கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கானது. மாநிலங்கள் தங்களுக்கு வேண்டியதை முடிவு செய்துகொள்ளலாம். 2019லும் இங்கே ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கினார்கள்.

5 ஜனவரி, இரவு

"பிள்ளைக்குத் தன்னம்பிக்கை கொடுத்தால் படிப்பு தானாக வரும்" என்பது நம் ஊரில் பிறந்த கருத்து இல்லை. கலிபோர்னியாவில் 1986இல் இதற்கென்றே ஒரு அரசுக் குழு போட்டார்கள். ஜான் வாஸ்கான்செலோஸ் என்ற சட்டமன்ற உறுப்பினரின் யோசனை. சுயமதிப்பை உயர்த்தினால் குற்றம் குறையும், போதை குறையும், படிப்பு ஏறும் என்று நம்பினார்கள். 1990இல் அறிக்கை வந்தது. உலகம் முழுக்கப் பள்ளிகளில் "நான் சிறப்பானவன்" போஸ்டர் ஒட்டும் பழக்கம் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

2003இல் உளவியலாளர் ராய் பவுமைஸ்டரும் இன்னும் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அள்ளிப் பார்த்தார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சுயமதிப்பு ஓரளவு கூடுதலாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் சுயமதிப்பால் மதிப்பெண் ஏறுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, பெரும்பாலும் மதிப்பெண்தான் சுயமதிப்பை ஏற்றுகிறது என்ற பக்கம்தான் தராசு சாய்ந்தது. வெறுமனே சுயமதிப்பை ஊட்டும் திட்டங்களால் படிப்பு கூடியதாகவும் தெரியவில்லை.

ஆக, கேள்வி கேட்டவர் ஜெயித்தார் என்று இந்த விவாத இழையை மூடிவிடலாமா? என்னால் முடியவில்லை.

7 ஜனவரி

ஏன் முடியவில்லை என்று சொல்கிறேன். ஒரு பையன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் வந்தான். கிரிக்கெட்டில் ஸ்கோர் சொல்வது அவன்தான், ஆட்டுக்குட்டிக்கு எந்த இலை ஆகாது என்று எனக்கே சொல்லித் தருவான், ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டான். தன்னம்பிக்கைக்கு ஒரு குறையும் இல்லை. வாசிப்பு என்றால் மட்டும், "தண்ணி குடிச்சிட்டு வரேன் டீச்சர்."

வரிசையாக எழுந்து ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்க வைப்போம் இல்லையா? முதல் பெஞ்ச் ஆரம்பித்தவுடன் இவன் தலைகளை எண்ணுவான். தன் முறை எந்தப் பத்தியில் வரும் என்று கணக்குப் போட்டு, பக்கத்துப் பையனிடம் அந்தப் பத்தியைக் கிசுகிசுவென்று வாசிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வான். எழுந்து கணீரென்று ஒப்பிப்பான். விரல் வேறு வரியில் இருக்கும். யாராவது ஒருவர் லீவு போட்டுக் கணக்குத் தப்பினால் வயிற்றுவலி வந்துவிடும்.

இவ்வளவு மூளை வேலை செய்கிறது பாருங்கள். எல்லாம் வாசிக்காமல் தப்பிப்பதற்காக. பாடம் அவன் காதில் ஒரு வரியும் ஏறியிருக்காது.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது: பொதுவான தன்னம்பிக்கை வேறு, "நான் வாசிக்கிற ஆள்தானா" என்ற எண்ணம் வேறு. நியூசிலாந்தில் ஜேம்ஸ் சாப்மன், வில்லியம் டன்மர் என்ற ஆய்வாளர்கள் இந்த இரண்டாவதைத்தான் பல வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். பள்ளி சேரும்போது சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்துக் கேட்கத் தடுமாறும் பிள்ளைகள், இரண்டு மூன்று வருடத்துக்குள்ளேயே "வாசிப்பு எனக்கு வராது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நம் கணக்கில் அது இரண்டாம், மூன்றாம் வகுப்பு. அதன்பிறகு வாசிப்பைத் தவிர்க்கிறார்கள். தவிர்க்கத் தவிர்க்கப் பின்தங்குகிறார்கள்.

முதல் காரணம் எழுத்துதான். ஆனால் இரண்டு வருடம் கழிந்தபின் எழுத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் உள்ளே இறங்காது. நடுவில் அந்த எண்ணம் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

11 ஜனவரி

"அந்தப் பையனை நாலு சாத்து சாத்தியிருந்தால் வாசித்திருப்பான்" என்று ஒருவர். ஐயா, பிள்ளையை அடிக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. அதை விடுங்கள். அவனுக்கு முன்பே ஒரு வகுப்பில் நன்றாகச் சாத்தியிருக்கிறார்கள். அதில்தான் தலை எண்ணக் கற்றுக்கொண்டான்.

12 ஜனவரி

தனியாக உட்கார வைத்துப் பார்த்ததில், அவனுக்கு எழுத்தே தெரியாது என்பது பொய். உயிரெழுத்து தெரியும், மெய் தெரியும், அகர வரிசை தெரியும். கால், கொம்பு, சுழி ஒட்டும்போதுதான் மாட்டிக்கொள்கிறான். கெ, கே குழப்பம். கொ என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் எழுத்து. கண் இடமிருந்து வலமாகப் போகிறது, ஒலியோ முழுவதையும் பார்த்தபின்தான் கிடைக்கும். வௌவாலை "வெளவால்" என்றுதான் என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் முதலில் வாசிப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அச்சில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது.

247 எழுத்து என்று பயமுறுத்துகிறோம். உண்மையில் பிள்ளை பிடிக்க வேண்டியது 12 உயிர், 18 மெய், ஒரு பத்துப் பதினொன்று குறிகள், அப்புறம் உகர ஊகாரத்தில் வரும் கோணல் வடிவங்கள். இதோடு சேர்ந்து, அவன் வீட்டில் பேசும் "வந்துட்டாங்க" புத்தகத்தில் "வந்துவிட்டார்கள்" என்று நிற்கிறது. தட்டுத்தடுமாறி எழுத்துக் கூட்டினாலும், கூட்டிய பிறகு காதில் தெரிந்த சொல்லாக விழவில்லை. சரியாக வாசித்தோமா என்று அவனுக்கே தெரியாது. டீச்சர் முகத்தைத்தான் பார்க்கிறான்.

இந்த இடத்தில் "சூப்பர்டா" என்று சொல்லி என்ன பயன்?

17 ஜனவரி

பொங்கல் முடிந்து வந்து பார்த்தால் இழை பாராட்டு பக்கம் போயிருக்கிறது. "அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக் சொன்னபடி புத்தியைப் பாராட்டாதீர்கள், முயற்சியைப் பாராட்டுங்கள்" என்கிறார் திருச்சிக்காரர். 1998இல் கிளாடியா முல்லரும் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனை அது. புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள், அடுத்த கடினமான புதிர்களில் தோற்றவுடன் சுருண்டுவிட்டார்கள். மதிப்பெண்ணைச் சொல்லச் சொன்னபோது கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம்.

நல்ல சோதனை. ஆனால் எங்கள் பிள்ளைகள் இதையும் மொழிபெயர்த்துவிட்டார்கள் டீச்சர் மொழியிலிருந்து. "நல்லா முயற்சி பண்ணின" என்றால் தப்பு என்று அர்த்தம். சரியாக வாசித்தவனிடம் யாரும் முயற்சியைப் பற்றிப் பேசுவதில்லையே.

நான் இப்போது பாராட்டைக் குறைத்துவிட்டு நடந்ததை மட்டும் சொல்கிறேன். "நேத்து 'கோ'ல நின்ன, இன்னைக்கு நிக்கல." அவ்வளவுதான். ஸ்டாரும் இல்லை, கைதட்டலும் இல்லை. பிள்ளைக்கு அது உண்மை என்று தெரியும், ஏனென்றால் நேற்று நின்றது அவனுக்குத்தான் முதலில் தெரியும்.

18 ஜனவரி

திருச்சிக்காரர் கோபித்துக்கொண்டார். டுவெக்கை மறுக்கவில்லை சார். பின்னால் பெரிய அளவில் செய்துபார்த்தபோது பலன் சின்னதாகத்தான் வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

30 ஜனவரி

கிராமப் பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகப் போய் அளக்கும் அசர் அறிக்கை வந்துவிட்டது, எல்லோரும் சதவீதத்தை வைத்துக் கட்சி சண்டை போடுகிறீர்கள். அதற்குள் நான் வரவில்லை. அதில் பிள்ளைக்கு வாசிக்கக் கொடுக்கும் தாளைப் பற்றி மட்டும் ஒன்று. எழுத்து, சொல், முதல் வகுப்புத் தரப் பத்தி, இரண்டாம் வகுப்புத் தரக் கதை என்று நாலு படி. பிள்ளையிடம் முதலில் பத்தியைக் கொடுக்க வேண்டும். வாசித்தால் கதை. இல்லையென்றால் சொல், அதுவும் இல்லையென்றால் எழுத்து. ஐந்தில் நாலு சொன்னால் போதும்.

ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் வீடு வீடாக இந்த மாதிரி வாசிப்புக் கணக்கெடுக்கப் போயிருக்கிறேன். தனியாக வைத்துக் கேளுங்கள் என்றுதான் பயிற்சியில் சொல்வார்கள். எங்கே? ஆயா, அத்தை, எதிர்வீட்டு அண்ணன் எல்லோரும் தலைக்கு மேல் நிற்பார்கள். "படிக்கிறதுக்கு என்னடி, கட்டு கட்டா புக்கு வாங்கிக் குடுக்குறோம்ல" என்று ஒரு குரல். அந்தப் பிள்ளை வாயைத் திறக்காது. அதே பிள்ளையைக் கோயில் திண்ணைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தால் சொற்களை வாசிக்கும். ஒரு படி ஏறிவிடும்.

2 பிப்ரவரி

இப்போது நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம். தொடக்க வகுப்புகளுக்கான மாநில அரசுத் திட்டம், எண்ணும் எழுத்தும்.

2022இல் தொடங்கியபோது ஒன்று முதல் மூன்று வகுப்பு, அடுத்த வருடம் நாலு, ஐந்தும் சேர்ந்தன. பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பது. கொள்கையாகப் பார்த்தால் இதைவிடச் சரியான வேலை கிடையாது. நாலாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும், "கெ" தெரியாத பிள்ளைக்கு நாலாம் வகுப்புப் பாடம் நடத்துவது அநியாயம். முன்பு "மெல்லக் கற்போர்" என்று ரிஜிஸ்டரில் எழுதி, ஆய்வுக்கு வருகிறவர் முன் அந்தப் பெயர்களை உரக்க வாசித்த காலத்தைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் பூப்பெயர் வைத்துவிட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாதா? ஒரே வாரம். "அவன் இன்னும் அரும்பு டீச்சர்" என்று என்னிடமே வந்து சொன்னது ஒரு மலர்.

செயல்வழிக் கற்றல் காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் விஜயகுமார் ஐ.ஏ.எஸ். முயற்சியில் ஆரம்பித்து, 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. ஏணிப்படி, அட்டைகள். பிள்ளை தானே தன் அட்டையை எடுத்து, முடித்து, அடுத்த படிக்குப் போகும். அதிலும் ஒருவன் பின்தங்கினால் தெரியும். ஆனால் எல்லோரும் வேறு வேறு படியில் இருந்ததால், யார் எங்கே என்று துல்லியமாக யாருக்கும் நினைவிருக்காது. மூன்றே குழு என்றால் மூன்று சாதி மாதிரி ஆகிவிடுகிறது. (அட்டை தொலைவது, ஒரே அட்டையை நாலு பேர் பிடித்து இழுப்பது, நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து என் முதுகு போனது, இதெல்லாம் தனிக்கதை. அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை.)

3 பிப்ரவரி

"சாதி மாதிரி" என்று எழுதியதற்கு இரண்டு பேர் திட்டியிருக்கிறீர்கள். வேண்டுமென்றேதான் எழுதினேன்.

கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் செய்த ஆய்வு இருக்கிறது. உயர்சாதி என்று சொல்லப்படும் பையன்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் 321 பேர். தாளில் புதிர்வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது இரண்டு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவு செய்தார்கள். எல்லோர் முன்னும் பெயர், ஊர், அப்பா பெயர், சாதி என்று வாசித்துவிட்டுச் செய்யச் சொன்னபோது ஒடுக்கப்பட்ட பையன்கள் முடித்த புதிர்களின் எண்ணிக்கை சட்டென்று இறங்கியது. அதே மாதிரிப் பையன்கள், அதே மாதிரி மூளை.

இப்போது ஸ்காலர்ஷிப் ஃபார்ம் நிரப்பும் நாளில் நம் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். "இந்த கம்யூனிட்டி பிள்ளைங்க எல்லாம் எந்திரிங்க." அடுத்த பீரியட் தமிழ், வரிசையாக எழுந்து வாசி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் இது வருடா வருடம் நடந்தது, யாருக்கும் அதில் தவறு தெரியவில்லை. பிள்ளையின் சுயமதிப்பை ஸ்டார் போட்டு ஏற்றுவதா என்று இங்கே பக்கம் பக்கமாகப் பேசுகிறோம். இறக்குகிற வேலையை நிறுத்துவதே முதல் வேலை, அதற்குச் செலவும் இல்லை.

9 பிப்ரவரி

புதுக்கோட்டைக்காரர் ஒருவர் என் வாதத்தை நடுவில் உடைத்துவிட்டார். "எழுத்து முதலில், நம்பிக்கை பின்னால் என்கிறீர்களே, எங்கள் மாவட்டத்தில் தலைகீழாக நடந்தது" என்கிறார்.

சரிதான். 1991இல் அறிவொளி இயக்கம், அதாவது முழு எழுத்தறிவு இயக்கம். ஷீலாராணி சுங்கத் கலெக்டர். வயதுவந்த பெண்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கப் போனவர்கள் கூடவே சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். குவாரியில் கல் உடைத்தவர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், லட்சம் பேருக்கு மேல் சைக்கிள் கற்றார்கள் என்று சொல்வார்கள். சைக்கிளில் ஏறிய பெண் வகுப்புக்கும் வந்தாள். அங்கே நம்பிக்கை முன்னால் போனது, எழுத்து பின்னால் வந்தது.

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சைக்கிள் பாராட்டு இல்லை. "நீ சிறப்பானவள்" என்று யாரும் போஸ்டர் ஒட்டவில்லை. விழுந்து, முட்டி பெயர்ந்து, கடைசியில் ஓட்டினார்கள். நிஜமாகவே கைவந்த ஒரு வேலை, அதுவும் ஊர் சிரித்த ஒரு வேலை. ஆக வரிசை எது என்பதில் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். ஒன்று கைவர வேண்டும், அது எழுத்தாகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்று மாற்றிக்கொள்கிறேன்.

ஆனால் என் தலை எண்ணும் பையனுக்கு மைக்கும் கிரிக்கெட்டும் கைவந்துதானே இருந்தன? அது வாசிப்புக்கு ஏன் தாண்டவில்லை? அறிவொளியில் சைக்கிளும் வகுப்பும் ஒரே கூட்டம், ஒரே தோழிகள். அவனுக்கு மைதானம் வேறு, வகுப்பறை வேறு. என் ஊகம்தான்.

10 பிப்ரவரி

"அந்தப் பையன் என்னவானான்" என்று பலர். சொல்கிறேன்.

வாசிப்பு இயக்கம் என்று 2023இல் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் பள்ளிக்கு வந்தன. நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலை. இதில் எனக்குப் பிடித்தது, நிலை புத்தகத்துக்கு, பிள்ளைக்கு இல்லை. ஐந்தாம் வகுப்புப் பையன் நுழை வரிசையை எடுத்தால் அவன் "நுழை" ஆகிவிடுவதில்லை.

ஆனால் எடுக்க மாட்டானே. சின்னப் பிள்ளைப் புத்தகம் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அதனால் அவனிடம், "ஒண்ணாம் வகுப்புக்குக் கதை வாசிச்சுக் காட்ட ஆள் வேணும், உன் குரல்தான் நல்லாருக்கு, பார்த்து வச்சுக்க" என்று கொடுத்தேன். குரல் நன்றாக இருப்பது உண்மை. இப்போது அவன் கையில் சின்னப் புத்தகம் இருக்க ஒரு மரியாதையான காரணம் கிடைத்துவிட்டது. மத்தியானச் சோறு முடிந்ததும் என் மேசைக்குப் பின்னால் வந்து ஒத்திகை பார்ப்பான். பக்கத்துக்கு இரண்டு வரி, படம் உதவி செய்யும். முதலில் இங்கேயும் மனப்பாடம்தான் செய்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விட்டால்தானே? "அண்ணா, இது என்ன, இது என்ன" என்று எழுத்தில் விரல் வைத்துக் கேட்டார்கள். ஒப்பிப்பவனால் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஆறாம் வகுப்புக்குப் போகும்போது பத்தி வாசித்தான். தடையில்லாமல் என்று சொல்ல மாட்டேன்.

11 பிப்ரவரி

ஒரு பையனை வைத்துக் கொள்கை போடாதீர்கள் என்கிறீர்கள். போடவில்லை. ஆனால் பெரிய கணக்கு வேண்டுமென்றால், தன்னார்வலர்கள் தெருவிலேயே பாடம் சொல்லிக்கொடுத்த அரசுத் திட்டமான இல்லம் தேடிக் கல்வியைப் பாருங்கள். கொரோனாவில் பள்ளி பதினெட்டு மாதம் மூடிக் கிடந்தது. அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் அளந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அந்த மீட்சியில் கால்வாசி அளவு இல்லம் தேடிக் கல்வியால் என்று கணக்கிட்டார்கள். சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், தெருவில் தெரிந்த ஒரு அக்கா, ரேங்க் கிடையாது. பள்ளியில் வாயைத் திறக்காத பிள்ளைகள் அங்கே திண்ணையில் உட்கார்ந்து கத்திக் கத்தி வாசித்ததைப் பார்த்திருக்கிறேன். கூடுதல் நேரத்தால் வந்த பலனா, கூச்சம் போனதால் வந்த பலனா என்பதை அந்த ஆய்வு பிரிக்கவில்லை. நானும் பிரிக்கப் போவதில்லை.

23 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். அண்ணன் மகளைத் தனியாக உட்கார வைத்துப் பார்த்தாராம். ஐகாரக் கொம்பும் ஒகர வரிசையும் தெரியவில்லை, மற்றதெல்லாம் வருகிறது. "இவ்வளவுதானா" என்கிறார்.

இவ்வளவுதான் சார், அநேகம் பேருக்கு. ஆனால் நாலு வருடமாக யாரும் கேட்கவில்லை, ஸ்டார் மட்டும் போட்டிருக்கிறார்கள். உங்கள் கோபத்தில் அந்தப் பாதி நியாயம் என்று முதல் நாளே சொன்னேன்.

செய்ய வேண்டியது: அந்தக் குறிகள் மட்டும் வரும் சொற்கள், தினம் கொஞ்ச நேரம். பை, தை, கொடி, தோடு, அவளுக்குத் தெரிந்த சொற்களாக. பாடப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் எடுக்காதீர்கள், இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஏதாவது கொடுங்கள். தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கு வாசிக்கச் சொல்லுங்கள். தப்பாக வாசித்தால் உடனே பாயாதீர்கள், வரி முடியட்டும், அவளே திரும்பிப் பார்க்கிறாளா என்று பாருங்கள். விருந்தாளி வந்தால், "மாமாவுக்கு வாசிச்சுக் காட்டு" என்று மட்டும் கூப்பிடாதீர்கள். உங்கள் அம்மாவையும் அடக்கிவையுங்கள், அதுதான் கஷ்டம்.

8 மார்ச்

கையெழுத்து பற்றிக் கேட்டவர்கள் தனி இழை போடுங்கள், இங்கே கலக்க வேண்டாம்.

முழு ஆண்டுத் தேர்வு வேலை வந்துவிட்டதால் பதில் தாமதமாகும். இந்தத் தடவை வாய்மொழி வாசிப்பை வகுப்புக்குள் வைக்காமல் ஒவ்வொருவராக வராண்டாவுக்கு அழைத்து வைத்துக்கொள்ள ஹெச்.எம். சம்மதித்துவிட்டார். நேரம் இரண்டு மடங்கு ஆகும், உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள் என்பது அவர் கவலை. அதுவும் சரியான கவலைதான். உள்ளே யாரை நிறுத்துவது என்று இன்னும் முடிவாகவில்லை.